இரண்டாவது எண்

சிவப்பு நிறப் பட்டன் போன் ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எழுத்துகள் தேய்ந்து போய், பின்மூடியை ரப்பர் பேண்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. நேற்று சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன், உயிர் வந்துவிட்டது. உள்ளே இரண்டே எண்கள்: அம்மா, கடை.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன், இன்றும் அதே கடைதான். இதை வாங்கியவர், பரளச்சியிலிருந்து தினமும் விசைத்தறி ஓட்ட வந்துபோன ஒரு அக்கா. கணவருக்கு வெளியூரில் வேலை. ஆறாவது படிக்கும் மகள், பள்ளி விட்டு வந்தால் வீட்டில் தனியாகத்தான் இருக்க வேண்டும். "புள்ள நாலு மணிக்கு வந்துரும், நான் வார ஏழாகும். ஆத்திர அவசரத்துக்கு அது கையில ஒண்ணு வேணும்ல பாப்பா" என்றார்.

பெண் பார்க்க வருபவர்கள்கூட அப்படித் துருவமாட்டார்கள். மூன்று நாள், சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்த்தார். கேமரா கூடாது, கேம் கூடாது, விலையும் கூடாது. சார்ஜ் நிற்க வேண்டும், விழுந்தாலும் உடையக் கூடாது. கடைசியாகச் சத்தம். போனோடு தெருவைத் தாண்டிப் போய், ஹாரன் அடிக்கும் பஸ்களுக்கு நடுவே நின்றுகொண்டு, கடையிலிருந்து என்னைக் கூப்பிடச் சொன்னார். மணி காதில் விழுந்ததும் அங்கிருந்தே சிரித்தார். அந்தச் சோதனைக்காக என் எண்ணைக் 'கடை' என்று பதிந்தவள், அழிக்க மறந்துவிட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அந்தப் பிள்ளை கூப்பிட்டாள். "கடை அக்காவா? அம்மா எடுக்கவே மாட்டேங்கிறாக." அழுகை. வயிறு வலிக்கிறது என்றாள், பாவாடையெல்லாம் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. "பயப்படாத தங்கம், எல்லாப் பொண்ணுக்கும் வாரதுதான். கதவைச் சாத்திட்டு உக்காரு, அம்மாவ அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

தறிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. உள்ளே நுழைந்தால் தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய பையில் அவருடைய போன் வெளிச்சம் காட்டிக் காட்டி அணைந்துகொண்டிருந்தது. பிள்ளையின் காதுக்குக் கேட்குமா என்று தெருவரை போய்ப் பார்த்தோமே, பெற்றவள் காதுக்குக் கேட்குமா என்று யோசிக்கவே இல்லை. விற்ற எனக்காவது அந்தப் புத்தி இருந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

என்னைக் கண்டதும் அவர் முகம் வெளிறியது. அதனால் முதலில் சிரித்தேன். பிள்ளையின் உயரத்தைக் கையால் காட்டி, அவள் கன்னத்தை வழிப்பதுபோல வழித்து, என் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தேன். அக்கா தறியை நிறுத்தினார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், அப்புறம் சிரித்தார். வாசலுக்கு வந்ததும், "தனியாக் கெடந்து என்ன பாடு பட்டுச்சோ" என்றபடியே பஸ்ஸுக்கு ஓடினார்.

அடுத்த வாரம் ஒரு தூக்குவாளி நிறைய உளுந்தங்களியோடு வந்து, இடுப்பில் செருகினால் நன்றாக அதிரும் போன் ஒன்று தனக்கு வாங்கிப்போனார். அன்றிலிருந்து பிள்ளைக்குப் போன் கேட்டு யார் வந்தாலும் நான் கேட்பது இதைத்தான்: "புள்ள கூப்பிடுறப்ப நீங்க எங்க இருப்பீக?"

அக்காவின் மகள் இப்போது டவுனிலேயே வேலை பார்க்கிறாள். போன வருடம் அம்மாவுக்குப் புதுப் போன் வாங்க வந்தவள், இந்தச் சிவப்புப் போனை, "நீங்களே வச்சுக்கங்கக்கா" என்று கொடுத்துப் போனாள்.

என் மகள் இந்த வருடம் ஆறாவது போகிறாள், தனியாக, பஸ்ஸில். நேற்று அவளுக்கும் ஒரு பட்டன் போன் எடுத்தேன். முதல் எண்ணாக என்னுடையதைப் பதிந்தேன். இரண்டாவது யாரென்று யோசிக்க வேண்டியிருக்கவே இல்லை. பதிந்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அக்கா மகளைக் கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.