மஞ்சள் தடவி வந்த தவா

புதுச்சத்திரத்தில் இருக்கும் எங்கள் உறவுக்காரி கவிதா, வீட்டிலேயே ஆட்களைக் கூப்பிட்டுச் சமையல் பாத்திரம் விற்கிறார். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய அழைப்புகளை எல்லாம் பார்க்காத மாதிரியே இருந்துவிட்டேன்.

போன வாரம் தபாலில் ஒரு கவர் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து மாமியார் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டார்.

பிரித்தால், "நான்-ஸ்டிக் தவா அறிமுக விழா. சுற்றமும் நட்பும் சூழ வருக."

"இது கல்யாணமில்லீங்க அத்தை, யாவாரம்" என்றேன்.

"எதா இருந்தா என்ன கண்ணு? மஞ்சத் தடவி அனுப்பிச்சுட்டாங்க. போகலீன்னா நாளைக்கு நம்ம ஊட்டு விசேசத்துக்கு யாரு வருவா?"

ஆகவே இன்று மாலை கவிதா வீட்டு சோபாவில், மாமியாருக்கும் சுவருக்கும் நடுவில் நான். கையில் கேசரித் தட்டு. கேசரியைத் தின்றுவிட்டு வெறுங்கையோடு எழுந்து வர முடியுமா?

எண்ணெயே இல்லாத தவாவில் தோசை வழுக்கிக்கொண்டு போனது. நான்தான் நகர முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு தவாவை வாங்கிக்கொண்டு செருப்பைத் தேடும்போது கவிதா கேட்டார்: "அடுத்த மாசம் இந்த விழாவ யாரு ஊட்ல வெச்சுக்கலாங்க?"

வந்திருந்த எல்லோரும் தலைகுனிந்து கேசரியைப் பார்த்தார்கள்.

"எங்க ஊட்லயே வெச்சுக்கலாம் சாமி" என்றார் என் மாமியார். "கூப்பிட்டவங்களத் திருப்பிக் கூப்பிடோணுமில்ல?"

இப்போது வீட்டில் கிண்ணத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பதிவுக்கு லைக் போடுகிறவர்கள், கூடவே விலாசத்தையும் போட்டுவிடுங்கள்.