ஸ்பானர் கொடுத்த மூன்று பை

கம்பெனியில் அவனுக்கு ஸ்பானர் என்றுதான் பெயர். லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்த லிஃப்டில் முதலில் தான் ஏறி உச்சி மாடிவரை போய்வந்த பிறகுதான் மற்றவர்களை ஏற விடுவான். கீழே நிற்பவர்களின் முணுமுணுப்பு காதில் ஏறாது. அவன் தங்கையைக் கட்டியவன் நான். அந்தப் பிடிவாதத்தைக் கிண்டல் செய்தே பதினைந்து வருஷம் ஓட்டினேன்.

ஸ்பானருக்கு ஒரே மகள், பதினேழு வயது. பல் துலக்கினால் ரத்தம், கையெல்லாம் கன்றிய நீலம். பக்கத்து நர்சிங் ஹோமில் உடனே பிளேட்லெட் ஏற்ற வேண்டும் என்றார்கள். முன்பின் தெரியாதவனுடையது என் பிள்ளைக்கு எதற்கு என்று ஸ்பானர் சட்டைக் கையை மடித்துவிட்டான். இரண்டு மாதத்தில் மூன்று தடவை கொடுத்தான். ஜூஸ் வாங்கிக் கொடுத்து நான்தான் அவன் தோளைத் தட்டினேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது.

பெரிய ஆஸ்பத்திரியில்தான் விஷயம் தெரிந்தது. எலும்பு மஜ்ஜை வேலையை நிறுத்திவிட்டது. ரத்தத்தை உண்டாக்குகிற ஸ்டெம் செல்லை வேறொருவரிடமிருந்து வாங்கி ஏற்ற வேண்டும். முழுதாகப் பொருந்துகிற ஆள் எங்கேயும் கிடைக்கவில்லை. அவள் அம்மாவுக்கு ஈரலில் பழைய தொற்று, கொடுக்க முடியாது. அப்பாவுடையது பாதிதான் பொருந்தும், இப்போதெல்லாம் அதுவே போதும் என்றார் டாக்டரம்மா. ஸ்பானருக்கு உயிர் வந்தது.

அடுத்த வாரம் ஒரு பரிசோதனைத் தாளோடு அவர் கேட்டார்: "குடும்பத்துல யாராவது இவளுக்கு ரத்தம் குடுத்தீங்களா?"

"நான்தான் டாக்டர், மூணு தடவை," என்றான். பெருமையாகவே சொன்னான், பாவி.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த மூன்று பையால் மகளின் உடம்பு அப்பாவின் அணுக்களை அடையாளம் தெரிந்துகொண்டு, விரட்டத் தயாராக நிற்கிறதாம். இந்த நோய்க்காரர்களுக்குச் சொந்தக்காரர் ரத்தத்தை ஏற்றவே கூடாதாம். உங்கள் தப்பில்லை என்றார். யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியாமல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேறு வழியில்லை. அந்த எதிர்ப்பைக் குறைக்க அவள் ரத்தத்தைப் பல நாள் வடிகட்டினார்கள். பிறகு அவனுடைய செல்களையே ஏற்றினார்கள். தினமும் காலையில் அணு எண்ணிக்கை கேட்போம். ஏறவில்லை என்று தினமும் அதே பதில். இருபத்தெட்டாம் நாள், ஒன்றுகூடத் தங்கவில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார், ஆனால் யாரை வைத்து என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முகமூடி கட்டிக்கொண்டு உள்ளே போய் மகளிடம் எல்லாவற்றையும் அவனே சொன்னான். அவள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லதுக்குத்தானேப்பா குடுத்தீங்க. விடுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

வெளியே லிஃப்ட் வந்து கதவு திறந்தது. ஸ்பானர் அசையவில்லை.

"நீ முதல்ல ஏறு, மச்சான்," என்றான்.