வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்த சிவப்பு பூட்ஸ்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில், ஸ்டிட்சிங் லைனில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஏழு வருஷமும் ஒரே வேலைதான்: குதிகாலுக்குப் பின்னால் வருகிற பட்டியைத் தைப்பது. முன்னால் இருப்பவள் தைத்துத் தள்ளுவாள், நான் பட்டியை வைத்துத் தைத்துத் தள்ளுவேன், அடுத்தவள் வாங்கிக்கொள்வாள். அது முழு ஷூவாகி வெளியே போவதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பக்கத்து மிஷின் அக்கா சொல்லுவாள்: "கல்யாணத்துல சோறு பரிமாறுறவ மாதிரிடீ நாம. பொண்ணையும் பாக்க முடியாது, மாப்ளையையும் பாக்க முடியாது. வர்றவன் போறவன் எலையதான் பாத்துனு இருக்கணும்."

புது நூற்றாண்டு பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். சாம்பிள் ரூமில் தைத்துக்கொண்டிருந்த வயசான அம்மா ஒருவர், தன் மகள் வீட்டோடு இருக்க பெங்களூர் போய்விட்டார். சாம்பிள் ரூம் என்பது ஒரு புது மாடலின் முதல் ஜோடியைச் செய்து பார்க்கிற அறை. அங்கே மட்டும்தான் ஒரே ஆள் முழு ஷூவையும் தைக்கலாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒரே ஒரு சாம்பிள் தர்றேன். பாஸ் ஆச்சுன்னா அங்கியே இரு. ஆவலைன்னா உன் மிஷின் இங்கதான் இருக்கும், வந்து உக்காந்துக்க."

நான் சரி சார் என்றேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வழி முழுக்க அந்த ஒரே ஒரு சாம்பிளைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அதற்குப் பிறகு பரீட்சை என்று ஒன்று எனக்கு வரும் என்று நினைத்ததே இல்லை.

சாம்பிள் ரூமில் மாஸ்டர் ஒருவர்தான். எல்லோருக்கும் அவர் பாய். அட்டையில் பேட்டர்ன் வெட்டுவது, தோல் வெட்டுவது, கால் அச்சின் மேல் இழுத்து அடிப்பது எல்லாம் அவர் வேலை. தைப்பது மட்டும் இனி என் வேலை. அவருக்கு இங்கிலீஷ் தெரியும், ஆனால் அந்த இங்கிலீஷ் முழுக்க ஷூவுக்குள்ளேயே இருக்கும். ஹீல், டோ, லைனிங், எட்ஜ் என்பார். ஷூவுக்கு வெளியே ஒரு வார்த்தை வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

என் பரீட்சைக்கான சாம்பிள் இரண்டு புத்தகங்களாக வந்து சேர்ந்தது. சென்னை ஆபீசிலிருந்து வந்த பெண், வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுத்து ஷூ வாங்குகிற பையரையும் எங்களையும் இணைக்கிறவள், பார்சலைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள். ஒவ்வொன்றும் எங்கள் சர்ச் பீடத்தில் இருக்கிற பைபிளைவிடப் பெரிது. பளபளவென்று கெட்டி அட்டை.

"இன்னாமா இது, கதை புக்கா?" என்றார் பாய்.

"கதை இல்ல பாய். கதைக்கு வழிகாட்டி. இந்த ஹீரோ கதை அறுபது வருஷமா வந்துட்டே இருக்கு. மொத்தத்தையும் யாரால படிக்க முடியும்? யார் யாரு, யாருக்கு யார் சொந்தம், எப்ப செத்தாங்க, எப்ப திரும்பி வந்தாங்க, எல்லாத்தையும் படத்தோட இதுல போட்டிருக்காங்க. நமக்கு அவர் போட்டிருக்கற பூட்ஸ் மட்டும் போதும். பசங்க சைஸ்ல. மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கற பக்கத்தப் பாருங்க. வியாழக்கிழம பையரே நேர்ல வர்றாரு."

சொல்லிவிட்டு அவள் மதிய ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

பாய் மஞ்சள் சீட்டுப் பக்கத்தை மட்டும் பார்த்தார். நான் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மறந்தேன்.

மஞ்சள் உடுப்பு, கருநீலப் போர்வை, சிவப்பு பூட்ஸ் போட்ட ஒரு ஆள். இல்லாத ஆள். அவன் வீட்டைக் கேக் வெட்டுகிற மாதிரி நடுவில் வெட்டி வரைந்திருந்தார்கள். மாடிப்படி, சமையலறை, பூமிக்கடியில் வண்டி நிறுத்துகிற இடம், அங்கிருந்து ஆற்றுக்குப் போகும் சுரங்கம். தண்ணீர் எந்தத் தொட்டியில் ஏறி எந்தக் குழாயில் இறங்குகிறது என்பது வரைக்கும் அம்புக்குறி. நாங்கள் சத்துவாச்சாரியில் என் தம்பிக்கு வீடு கட்டும்போது மேஸ்திரியிடம் ஒரு பிளான் கேட்டதற்கு, "எல்லாம் மனசுல இருக்குது, வுடுங்க" என்றார். இங்கே இல்லாத மனுஷனுக்கு இருக்கிற குழாயெல்லாம் போட்டு வைத்திருக்கிறார்களே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இன்னொரு பக்கத்தில் அவனுடைய சொந்தபந்தங்கள், கிளை விட்டு. எதிரிகளுக்கும் தனியாகக் கிளை. எதிரியின் அம்மாவுக்குக்கூட ஒரு சின்ன வட்டத்துக்குள் முகம். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். ஒரு ஆள் பேருக்குக் கீழே செத்தான் என்று போட்டு, அடுத்த வரியில் வந்தான் என்று போட்டு, மறுபடியும் செத்தான் என்று போட்டிருந்தது. துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை, கம்பெனி அட்டெண்டன்ஸ் மாதிரி. யாரோ உட்கார்ந்து அறுபது வருஷத்துக்கும் வருகைப்பதிவு எடுத்திருக்கிறார்கள்.

"பாய், இதப் பாருங்களேன். இந்தப் பக்கத்துல அவரு வருஷா வருஷம் போட்ட டிரெஸ்ஸு எல்லாம் வரிசையா இருக்குது."

பாய் எட்டிப் பார்த்தார். "அது இன்னாத்துக்கு நமக்கு? பூட்ஸைச் சொல்லு."

பூட்ஸைப் பார்த்தோம். பாய் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"இன்னாமா இது, கால் எப்டி உள்ள போவும்? ஜிப்பு இல்ல, லேஸ் இல்ல, எலாஸ்டிக் இல்ல."

"ஒரு தபா போட்டா கழட்டவே மாட்டாரோ இன்னாவோ."

"அறுபது வருஷமாவா? பேஜாருமா! நாத்தத்துல கிட்டயே போவ முடியாது."

பின்பக்கம் தெரியாமல் ஒரு ஜிப் வைப்பதென்று முடிவானது. அதற்கப்புறம்தான் சிக்கல். பூட்ஸ் முழுக்கச் சிவப்பு இல்லை. முழங்காலுக்குக் கீழே வேப்பிலை மாதிரி வளைந்து ஒரு வெள்ளைத் துண்டு. கால்விரல் பக்கம் பிறை மாதிரி இன்னொரு வெள்ளை. கணுக்காலின் உள்பக்கம் தீ நாக்கு மாதிரி மூன்று கறுப்பு. எங்கள் தொழிலில் பையர் அனுப்புகிற படம் எப்படி இருக்கும் என்றால், ஒரு கோடு இழுத்திருந்தால் அங்கே ஒரு வெட்டு. புள்ளிப் புள்ளியாக இருந்தால் தையல். ஒரு மூலையில் நிறம் மாறினால் அது வேறு தோல். அப்படித்தான் பாய் முப்பது வருஷமாகப் படம் படிக்கிறார். நானும் லைனில் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

"வெள்ள பீஸு ரெண்டு, கறுப்பு மூணு. ஒரு காலுக்கு" என்று அட்டையில் எழுதினார் பாய்.

நான் வேறு பக்கங்களைப் புரட்டினேன். "பாய், இங்க வெள்ள அந்தாண்ட பக்கம் இருக்குது. இன்னொண்ணுல மேல இருக்குது. இதுல வெள்ளையே கம்மி."

"வருஷா வருஷம் மாடல மாத்துவாம்மா. நம்ம பையருங்க மாத்தல? நீதான டிரெஸ் மாத்துற பக்கத்தக் காட்டுன? மஞ்ச சீட்டு எங்க இருக்குதோ அதுதான் நமக்கு."

நானே காட்டிய பக்கம் நியாயமாக இருந்தது.

"அதுவும் இடது காலும் வலது காலும் ஒத்துவரல பாய். இடதுல ஜாஸ்தி, வலதுல கம்மி."

பாய் ஸ்கேலை வைத்து இரண்டு காலையும் அளந்து பார்த்தார். தொழிலில் ஜோடி என்றால் ஒன்றுக்கொன்று கண்ணாடிபோல இருக்க வேண்டும். கடைசியில் பெருமூச்சு விட்டு, "அப்டியே வெட்டுவோம். நாம யாரு அவருக்குச் சொல்றதுக்கு" என்றார்.

சிவப்புத் தோலில் அந்த வேப்பிலை வடிவத்தை ஓட்டையாக வெட்டி, அடியில் வெள்ளைத் தோலை வைத்து, ஓரத்தைக் காகிதம்போலச் சீவி, விளிம்பிலேயே தையல் ஓட்ட வேண்டும். நூல் வெளியே தெரிந்தால் வடிவம் கெட்டுவிடும். வளைவில் மிஷினைக் காலால் ஓட்டாமல் சக்கரத்தைக் கையால் திருப்பி, ஒவ்வொரு குத்தாகப் போனேன். கறுப்புத் தீ நாக்கு ஒன்றின் நுனி மட்டும் அரைநாள் எடுத்தது. இரண்டு நாளில் ஏழு வருஷத்துப் பட்டி எல்லாம் மறந்துபோனது. புதன்கிழமை பாய் அச்சின் மேல் இழுத்து அடித்து, சோல் ஒட்டி, மேஜை மேல் வைத்தபோது நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். புத்தகத்திலிருந்து எட்டி வெளியே வந்து நின்ற மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை பையர் வந்தார். நெட்டையான வெள்ளைக்காரர், ஐம்பது வயது இருக்கும். கூடவே சென்னைப் பெண். மேனேஜர் பின்னால். நான் மிஷின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பையர் பூட்ஸைப் பார்த்தார். எடுத்தார். திருப்பினார். அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அக்கா, இந்த வெள்ளை இன்னா?"

"படத்துல இருக்கறதுதாம்மா. அளவு எடுத்துதான் வெட்டினோம்."

"ஐயோ அக்கா. அது தோல் இல்ல. ஷைன். வெளிச்சம் பட்டா மின்னும்ல, அத வரைஞ்சிருக்காங்க. கறுப்பு வந்து நிழல்."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "வெளிச்சமா?"

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததால் பையர் காலில் இருந்த பழுப்பு ஷூ கண்ணில் பட்டது. ஜன்னல் வெளிச்சம் அதன் முனையில் விழுந்திருந்தது. பிறை. நான் தைத்த அதே பிறை. அவர் ஒரு அடி எடுத்து வைத்தார், பிறை வேப்பிலையாக நீண்டது. பக்கத்தில் பாயின் தேய்ந்த செருப்பில் கூட மெல்லிசாக ஒன்று. ஏழு வருஷம் தோலிலேயே கையை வைத்திருந்தவள், தினம் தினம் பாலிஷ் வாசனையிலேயே வீட்டுக்குப் போனவள், அந்தப் பளபளப்புக்கு ஓரம் உண்டு, வடிவம் உண்டு, நடந்தால் அது நகரும் என்பதை ஒரு நாளும் பார்த்ததில்லை. எவரோ எங்கேயோ உட்கார்ந்து அதைப் பார்த்து, பேனாவால் ஓரம் கட்டி, அறுபது வருஷம் ஒவ்வொரு பக்கத்திலும் விடாமல் வரைந்திருக்கிறார். வேலை போவதை மறந்து ஷூக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையர் ஜன்னல் திட்டில் பூட்ஸை வைத்து, இந்தப் பக்கம் நடந்தார், அந்தப் பக்கம் நடந்தார். பிறகு புத்தகத்தை விரித்துப் பக்கத்தில் நிறுத்தினார். பெண்ணிடம் மெதுவாகப் பேசினார். அவள் எங்களுக்குச் சொன்னாள்:

"ஏழு வயசுலருந்து இந்தக் கதைய படிக்கிறாராம். இந்த பூட்ஸை எத்தனையோ பேர் செஞ்சு பாத்திருக்காராம். எல்லாரும் பூட்ஸ்தான் செஞ்சாங்களாம். நீங்க படத்தச் செஞ்சிருக்கீங்களாம். எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் வெளிச்சம் அதே எடத்துல நிக்குதே, அதப் பாத்துட்டே இருக்காரு."

"அப்ப பாஸா?" என்றார் பாய்.

"ஆர்டருக்கு ஆவாது பாய். இத்தன பீஸ் வெச்சு யாரு தைக்கிறது? வெறும் சிவப்புல, பளபளப்புத் தோல்ல ஒண்ணு சாயங்காலத்துக்குள்ள கேக்கறாரு."

மேனேஜர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்: பழைய மிஷினுக்கே போய் உட்கார்.

"ஆனா இந்த ஜோடிய அவரு கையோட எடுத்துனு போறாராம்" என்றாள் அவள்.

அப்போதுதான் பாய் தொண்டையைக் கனைத்தார். "எடுத்துனு போவ முடியாதும்மா. சாம்பிள் வெளிய போவணும்னா அப்ரூவ்டுனு டேக் கட்டணும், பையர் கையெழுத்து இருக்கணும். ரிஜெக்ட் ஆன ஜோடிய கேட்டுல வாட்ச்மேன் வுடமாட்டான். கத்தியால கிழிச்சித்தான் குப்பையில போடணும்."

கிழிப்பது என்ற வார்த்தையை அவள் இங்கிலீஷில் சொன்னதும் பையர் பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டார். பாய் அவசரப்படாமல் டேக்கையும் பேனாவையும் நீட்டினார். பையர் அப்ரூவ்டு என்று எழுதினார். அடியில் உற்பத்திக்கு அல்ல என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். தைத்தவர் என்ற இடத்தில் பாய் என் டோக்கன் நம்பரை எழுதி, நூலைப் போட்டுக் கட்டினார்.

மேனேஜர் டேக்கை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"அப்ரூவ்டுன்னும் இருக்குது. ஆர்டருக்கு இல்லன்னும் இருக்குது. இது பாஸா ஃபெயிலா பாய்?"

"கையெழுத்து இருக்குது சார். கேட்டுக்குப் பாஸு."

"நான் இந்தம்மாவக் கேக்கறேன்."

"நானும் இந்தம்மாவதான் சார் சொல்றேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். ஜன்னல் திட்டைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் இன்னொரு ஜோடி வேண்டும் என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"சரி, இருக்கட்டும்" என்றார்.

அந்த 'இருக்கட்டும்' எனக்குச் சொன்னதா, பூட்ஸுக்குச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை. மிஷினில் சிவப்பு நூலைக் கோத்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அந்த அறையில் ஒன்பது வருஷம் இருந்தேன்.