மேல்வரிசை இல்லாத சுறா

அவளைத் தெருவில் பாதிப்பேர் பல்லுக்காரி என்றுதான் சொல்வார்கள். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். இருபத்திரண்டு வருடமாக மாடியறையில் அதே மேசை, அதே விளக்கு. ஆட்களின் முகம் தெரியாது, வாய் மட்டும் தெரியும். கடைத்தெருவில் யாராவது வாய் நிறையச் சிரித்தால், நம் கைவேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போவாள்.

அவள் அண்ணி என்று கூப்பிடும் கணவனின் அக்கா அருங்காட்சியகத்தில் புதைபடிவப் பிரிவின் தலைவி. தம்பி மனைவி என்ன செய்கிறாள் என்று யாரோ கேட்டதற்கு, "ஏதோ பல்லு வேலை" என்று ஒருமுறை சொல்லிவிட்டாள். அந்த 'ஏதோ' பல்லுக்காரியின் மனதில் முள்ளாய்த் தைத்தே கிடந்தது.

அப்படிப்பட்ட அண்ணி ஒருநாள் இரண்டு பெட்டிகளோடு தானே மாடியேறி வந்தாள். இரண்டிலும் ஒரே களிமண் குழியில் எடுத்த சுறாப் பற்கள். சுறாவுக்கு இருப்பது குருத்தெலும்பு; அது மக்கிப்போய்விடும், மிஞ்சுவது பல்தான், அதை வைத்தே இனத்தைச் சொல்ல வேண்டும் என்று விளக்கினாள். முதல் பெட்டியில் அகலமான, ரம்பம் போல் விளிம்புள்ள பற்கள். எப்போதோ பெயர் வைக்கப்பட்ட, அழிந்துபோன சுறா. இரண்டாவதில் ஊசி போல் ஒடுங்கிய நாற்பத்தொரு பற்கள். இது அண்ணியே கண்டுபிடித்த புது இனம். கட்டுரை அச்சுக்குப் போகப்போகிறது. இரண்டுக்கும் நகல் எடுத்துத் தாடையில் பொருத்தித் தர வேண்டும். மாதிரிக்கு, இன்றும் கடலில் திரியும் ஒரு சுறாவின் காய்ந்த தாடையையும் வைத்துவிட்டுப் போனாள்.

பல்லுக்காரி முதலில் புது இனத்தை எடுத்தாள். கீழ்வரிசை அழகாக அமைந்தது. மேல்வரிசைதான் மக்கர் பண்ணியது. மாதிரித் தாடையில் மேலே அகலம், கீழே ஒடுக்கம். இவளிடமோ நாற்பத்தொன்றும் ஒடுக்கம். சும்மா பார்ப்போமே என்று முதல் பெட்டியிலிருந்து ஓர் அகலப் பல்லை எடுத்து மேலே வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே. திருப்பிப் பார்த்தால் இரண்டு வகையிலும் ஒரே தடித்த வேர், வேரின் நடுவே ஒரே மாதிரிப் பள்ளம். இரண்டு பெட்டியும் ஒரே சுறாவின் வாய்தானோ என்று தோன்றியது.

கணவனிடம் சொன்னாள். அவன் பேப்பரை மடித்து வைத்தான். "எங்க அக்காகிட்டயா சொல்லப்போற? நான் ஊர்லயே இல்லைன்னு வெச்சுக்கோ."

மறுநாள் காலை, இரண்டு வகைப் பல்லும் பொருத்திய தாடையைத் துணியில் சுற்றிக்கொண்டு அவளே அருங்காட்சியகத்துக்குப் போனாள். அண்ணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"எனக்கு இந்தப் படிப்பெல்லாம் தெரியாது அண்ணி. ஆனா நாப்பத்தியொரு பல்லும் கீழ்ப்பல்லா இருக்கு. இதோட மேல்பல் எங்கே? அந்தப் பெட்டியில எல்லாமே மேல்பல். அதோட கீழ்ப்பல் எங்கே?"

அண்ணி ஓர் அகலப் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "வெச்சுட்டுப் போ" என்றாள். அவ்வளவுதான்.

மூன்று நாள் எந்தச் சேதியும் இல்லை. நமக்கேன் இந்த வேண்டாத வேலை என்று பல்லுக்காரி தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு பல்செட்டில் இடது பக்கத்தை வலது பக்கமாக வைத்து, பிரித்து மறுபடி செய்தாள்.

நான்காம் நாள் அண்ணி வந்தாள். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. சலித்து ஒதுக்கிய மண்ணை மறுபடி கிளறி, தாடை ஓரத்துச் சின்னப் பற்கள் வரை அளந்து பார்த்தாளாம். எல்லாம் ஒரே மீன். கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டாள். அந்தப் பழைய சுறாவின் கீழ்ப்பல்லை இதுவரை யாரும் அடையாளம் காணவில்லை. இனி அதைத்தான் எழுதப்போகிறாள்.

"கோவமில்லையே அண்ணி?"

"கோவமா? மூணு மாசமா எனக்கே உள்ளுக்குள்ள உறுத்திட்டுத்தான் இருந்துச்சு. யார்கிட்டயும் கேக்க வாய் வரல. அச்சாகியிருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும்." நாற்காலியில் சாய்ந்து நீளமாய் மூச்சு விட்டாள். "நல்லவேளை, நீ பாத்தே."

பல்லுக்காரிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கீழே ஒளிந்திருந்த கணவனைக் காபி போடச் சொல்லிக் குரல் கொடுத்தாள்.

அண்ணி கன்னத்தைத் தடவிக்கொண்டு, தன் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுவதாகச் சொன்னாள். வாயைப் பார்ப்பது மருத்துவர் வேலை, தான் செய்து கொடுப்பவள் மட்டும்தான் என்றாள் பல்லுக்காரி. சொல்லிக்கொண்டே விளக்கை அவள் பக்கம் திருப்பினாள்.