சிவப்புப் புள்ளி வைத்த ப்ராசஸர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் எங்கே வேலை என்று கவரைப்பேட்டை பக்கத்துத் தன் ஊர் ஆரணியில் யார் கேட்டாலும், "கம்ப்யூட்டர் கம்பெனி" என்பாள் குணசுந்தரி. பொய் இல்லை. கம்ப்யூட்டர் பிறக்கிற இடம் இல்லை, போய்ச் சேருகிற இடம் என்பதை மட்டும் சொல்ல மாட்டாள். ஆபீஸ்களும் காலேஜ்களும் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்கள் அங்கே லாரி லாரியாக வந்து இறங்கும். ஆட்கள் அவற்றைப் பிரித்துப் போட்டதும், ஒவ்வொன்றுக்கும் மூளையாக இருந்த ப்ராசஸர் மட்டும் தட்டு தட்டாக இவள் மேசைக்கு வரும். தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு சதுரம், அவ்வளவுதான்.

மேலே காய்ந்துபோன பசையைத் துடைப்பாள். சோதனை போர்டில் உட்கார வைத்துக் கொக்கியை அழுத்திக் கரண்ட் கொடுப்பாள். எதிரே திரையில் எழுத்து வந்தால் ப்ராசஸர் உயிரோடு இருக்கிறது, பச்சைத் தட்டு. இன்னொரு கம்ப்யூட்டரில் மறுபடி வாழப் போகும். எழுத்து வராவிட்டால் சிவப்புத் தட்டு, அதாவது பின்கட்டில் இருக்கிற அரவை மெஷின். அரைத்த தூளிலிருந்து தங்கமும் செம்பும் எடுப்பார்களாம்.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. காலையில் மேசைக்கு வந்ததும் முதலில் மாஸ்டரை வைத்துப் பார்க்க வேண்டும். மாஸ்டர் என்றால் நன்றாக ஓடும் என்று தெரிந்த ஒரு ப்ராசஸர். மற்றவற்றோடு கலந்துவிடாமல் இருக்கத் தன் மகளின் நெயில் பாலிஷால் அதன் நெற்றியில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்திருந்தாள் குணசுந்தரி. அது ஓடினால் போர்டு சரி. அதுவே ஓடாவிட்டால் கோளாறு போர்டில். அந்த போர்டை நம்பி எதையும் செத்தது என்று சொல்லக் கூடாது.

ஒன்பதாவது படிக்கும் ஸ்நேகாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. சாயந்திரம் அம்மா செருப்பைக் கழற்றும்போதே, "மாஸ்டர் வச்சியாம்மா?" என்பாள், மற்ற வீடுகளில் சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி. "வச்சேன், வச்சேன்" என்பாள் இவள்.

திருநின்றவூர்ப் பக்கம் ஒரு காலேஜ் தன் பழைய லேபைக் காலி செய்தது. அதில் ஓடுகிற ப்ராசஸர்களைக் கொண்டு கம்ப்யூட்டர் சேர்த்து ஸ்நேகாவின் பள்ளிக்கே கொடுப்பது என்று ஏற்பாடு. அங்கே ஒரு கம்ப்யூட்டருக்கு ஐந்தாறு பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். இருபது வரும் என்று பேச்சு. "எங்கம்மா கைலதான் டெஸ்ட்டு ஆவுது" என்று ஸ்நேகா பள்ளி முழுக்கத் தண்டோரா போடாத குறை. குணசுந்தரிக்கும் கால் தரையில் பாவவில்லை.

முதல் நாள் கொஞ்சம் பார்த்தாள். முக்கால்வாசி பச்சைக்குப் போனது. மறுநாள் காலை ஷேர் ஆட்டோ கவரைப்பேட்டைக்கு முன்னாலேயே பஞ்சராகி நின்றது, ரயில் போய்விட்டது. தாமதமாக வந்தவள் பையை வீசிவிட்டு நேரே தட்டை இழுத்தாள். நேற்று ஓடின போர்டுதானே. மாஸ்டர் டப்பாவிலேயே இருந்தது.

முதல் ப்ராசஸர், திரை கறுப்பு. அடுத்தது, அதுவும் கறுப்பு. வரிசையாக எல்லாமே கறுப்பு. வேறு யாராயிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள். ஆனால் போன மழையில் அந்த லேபுக்குள் தண்ணீர் புகுந்தது என்று லாரிக்காரர் சொன்னது இவள் காதில் விழுந்திருந்தது. நேற்றுப் பார்த்தவை மேசை மேல் இருந்த கம்ப்யூட்டர்கள், இவை தரையில் கிடந்தவை என்று தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். கெட்டிக்காரிகளுக்கு இந்த வியாதி உண்டு. காரணம் உடனே கிடைத்துவிடும்.

சிவப்புத் தட்டை அரவைக்கு அனுப்புமுன் பக்கத்து மேசை செல்வி தன் போர்டில் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அவள் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"இன்னா குணா, மொத்தமும் சிவப்பா கீது? நான் ஒருக்கா பாத்துடட்டா?"

"வேணாம்க்கா. மழத் தண்ணி பூந்த லேபு. தண்ணி குட்சிட்டு எது எழுந்திருக்கும்? நேரா கொட்ட சொல்லு. உனுக்கு ஏன் பேஜாரு."

குணா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று செல்வி அனுப்பிவிட்டாள். அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

குணசுந்தரி சாப்பிட்டுவிட்டு வந்து ஏதோ ஒரு ஆபீஸின் தட்டை எடுத்தாள். இதற்கு மழையும் இல்லை, தண்ணீரும் இல்லை. முதலாவது கறுப்பு, இரண்டாவது கறுப்பு. டப்பாவைத் திறந்து சிவப்புப் புள்ளியை எடுத்து வைத்தாள். திரை அப்போதும் கறுப்பாகவே இருந்தது. செல்போன் வெளிச்சத்தைப் போர்டின் மேல் பிடித்தாள். ப்ராசஸர் உட்காரும் குழிக்குள் மயிரிழை மாதிரி நிற்கிற கம்பிகளில் ஒன்று சாய்ந்து படுத்துக் கிடந்தது. அது நிமிர்ந்து நிற்காவிட்டால் எந்த ப்ராசஸரும் ஓடாது. நேற்றுக் கடைசியாகக் கழற்றும்போது இவள் விரல்தான் பட்டிருக்க வேண்டும்.

பின்கட்டுக்கு ஓடினாள். மெஷின் பக்கத்தில் லோகு கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கொட்டியாச்சே அக்கா, சாப்பாட்டுக்கு முன்னாடியே. இன்னா, உள்ள எதுனா உழுந்துட்ச்சா?"

அவள் தொட்டிக்குள் கையை விட்டாள். பச்சையும் வெள்ளியுமாகத் தூள். அள்ளினாள், விரலிடுக்கில் வழிந்தது. எத்தனை நல்ல ப்ராசஸர்களைச் செத்தவை என்று சொல்லிக் கொன்றுவிட்டோம் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

சூப்பர்வைசர் அன்புராஜ் அவள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அரச்சத ஒட்ட முடியுமா? நம்ம தப்புன்னு தெரிஞ்சா உனுக்கும் வேல இல்ல, எனுக்கும் இல்ல. தண்ணில போச்சுன்னு சொல்லிக்கலாம். நீ வாய மூடிக்கினு இரு."

"சரி சார்" என்றாள். அத்தனை பேச்சு பேசுகிறவளுக்கு அன்றைக்கு அந்த இரண்டு சொல்தான் கிடைத்தது.

சாயந்திரம் வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"மாஸ்டர் வச்சியாம்மா?"

"வச்சேன்."

பள்ளிக்கு ஆறு கம்ப்யூட்டர் வந்தது. ஒப்படைப்பு விழா வைத்தார்கள். குணசுந்தரி போக மாட்டேன் என்று தலைவலி, ஷிப்ட் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். "நீ வராம எப்படிம்மா, உன் பேரு ஸ்கூல் வாசல் போர்டுல எழுதிக்கீறாங்க" என்று ஸ்நேகா அவளுக்குப் புடவையே எடுத்து வைத்துவிட்டாள். போனால், முன்வரிசையில் அன்புராஜ் சார் உட்கார்ந்திருந்தார். மேடையில் தலைமையாசிரியை ஜோதிலட்சுமி மைக்கைப் பிடித்தார்.

"மழைத் தண்ணீரில் நாசமாய்ப் போனவற்றிலிருந்து இத்தனையாவது நமக்கு மீட்டுக் கொடுத்தவர், நம் மாணவி ஸ்நேகாவின் தாயார்" என்று சொல்லி, பளபளவென்று ஒரு பொன்னாடையை அவள் தோளில் போர்த்தினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஸ்நேகா எல்லோரையும் விட வேகமாகத் தட்டினாள். குணசுந்தரிக்குத் திருடின புடவையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. மேடையை விட்டு இறங்கி எங்காவது ஓடிவிடலாமா என்று பார்த்தாள். அதற்குள் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"அதுங்க தண்ணில போவல" என்றாள். "நல்லதுங்கதான். இன்னும் நெறைய வந்திருக்கணும். அன்னிக்கி நான் மாஸ்டர் வைக்காம பாத்துட்டேன். எம்மேலதான் தப்பு. என்ன மன்னிச்சிடுங்க."

அன்புராஜ் தலையைக் குனிந்துகொண்டார். ஜோதிலட்சுமி டீச்சர் நெகிழ்ந்து போய் மைக்கை வாங்கினார்.

"பாருங்க பிள்ளைகளா, இன்னும் நிறையக் காப்பாற்ற முடியவில்லையே என்று எவ்வளவு வருத்தப்படுகிறார். இதுதான் பெரிய மனசு."

முன்னைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். மாஸ்டர் என்றால் என்னவென்று அந்த மண்டபத்தில் யாருக்குத் தெரியும்? இன்னொரு முறை உடைத்துச் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. கூட்டத்தில் மகளைத் தேடினாள். எல்லாக் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன; ஸ்நேகாவின் கைகள் மட்டும் மடியில் கிடந்தன.

விழா முடிந்து பிள்ளைகள் புதுக் கம்ப்யூட்டர்களைச் சுற்றி அடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், ஒன்றுக்கு நான்கு பேராக. ஸ்நேகா அந்தப் பக்கம் போகவில்லை. அம்மாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தாள். அங்கே நின்று, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"நான் அன்னிக்கும் கேட்டேன். வச்சேன்னு சொன்னியேம்மா."