ஒரு கட்டம் பாக்கி

என் வேனின் டேஷ்போர்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒரு மை டப்பா இருக்கிறது. கைநாட்டு வைக்கிற ஸ்டாம்ப் பேடு. ஊதா மை, தகர மூடி. மூடியின் ஒரு ஓரம் நசுங்கியிருக்கும். உள்ளே இருக்கிற துணி ரொம்ப நாள் காய்ந்து விறைத்துக் கிடந்தது. பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வண்டியில் இது எதுக்கு என்று செக்போஸ்ட்டில் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தர் மறந்து வைத்துவிட்டுப் போனது என்று சொல்வேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது.

எனக்கு ஊர் எம். புதுப்பட்டி. காலையில் ஆள் ஏற்றி வெம்பக்கோட்டை ரோட்டில் உள்ள கம்பெனியில் இறக்குவேன். சாயங்காலம் ஏற்றித் திரும்ப விடுவேன். நடுவில் வண்டி சும்மா நிற்கும். அந்தச் சும்மா நிற்கிற நேரத்துக்குத்தான் அக்கா வந்தார். விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருந்த குடும்பம். மலையடிவாரத்துப் பளியர் மக்களுக்காக ஒரு சின்ன டிரஸ்ட் நடத்தினார். ரேஷன் கார்டு, சாதிச் சான்று, காட்டு உரிமை மனு என்று அவர் வேலை எல்லாம் தாளில்தான். என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் எல்லோருக்கும் அக்கா. என்னை அண்ணாச்சி என்பார். வண்டி சீட்டில் பட்டாசு மருந்துத் தூள் படிந்து வெள்ளியாய் மினுங்கும். எவ்வளவு துடைத்தாலும் போகாது. "உங்க வண்டில ஏறி எறங்குனா கல்யாணப் பொண்ணு கணக்கா மினுங்குதேன் அண்ணாச்சி. மாப்பிள்ளைதான் கெடைக்கல" என்று சேலையைத் தட்டிக்கொண்டே இறங்குவார். கைநாட்டு வாங்கும்போது ஒவ்வொருவர் பெருவிரலையும் அவரே பிடித்து வைப்பார். வைத்ததும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அவரே துடைத்துவிடுவார். சோற்றில் மை ஒட்டக் கூடாது என்பார். எல்லாம் முடிந்ததும் டப்பாவை வண்டியில் மறந்துவிட்டுப் போவார். பத்து நிமிடத்தில் போன் வரும். "டப்பாவ விட்டுட்டேன் அண்ணாச்சி, பத்திரம்." ஒவ்வொரு தடவையும் இது நடக்கும்.

அந்த மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அது எனக்குப் பிடிபடவே இரண்டு வருடம் ஆனது. ஒருத்தருக்காக இன்னொருத்தர் பேச மாட்டார்கள். உங்க அண்ணன் இன்னைக்கு வருவாரா என்று கேட்டால், அவரைக் கேளுங்க என்பார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகுமா என்றால், அதுகிட்ட கேளுங்க என்பார்கள். தலைவர் என்று ஒருவரும் கிடையாது. ஒரு தடவை ஆபீஸர் ஒருவர் வந்து, "ஏலே, உங்கள்ல பெரியாள் யாருலே?" என்று சத்தம் போட்டார். ஒவ்வொருவராக எழுந்து மரத்துக்குப் பின்னால் போய்விட்டார்கள். கடைசியில் அவர் பேசியதைக் கேட்க நானும் அக்காவும்தான் மிச்சம்.

உலகத்தில் பல நாடுகளில் இப்படிக் காட்டிலும் மலையிலும் இருக்கிற பூர்வகுடி மக்களுக்குப் பணம் கொடுப்பதற்காக, கொடுக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு அமைப்பு வைத்திருக்கிறார்களாம். அக்கா எழுதிப் போட்டு அங்கிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒரு உயரமான வெள்ளைக்காரர். அகன்ற முகம், இரட்டைச் சடையோடு ஒரு அம்மா. அந்த அம்மாவும் அவர் நாட்டில் பூர்வகுடிதான் என்று அக்கா சொன்னார். வண்டியிலிருந்து இறங்கும்போது அவர் பாவாடையின் பின்பக்கம் முழுக்க வெள்ளி. அந்தக் குடியிருப்பில் கடைசி வீட்டில் இருந்த அம்மா ஓடிவந்து, சிரித்துக்கொண்டே தட்டிவிட்டார். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து சுட்ட கிழங்கு தின்றார்கள். ஒரு வார்த்தை பொதுவில்லை. ஆனாலும் பேசிக்கொண்டிருந்த மாதிரிதான் இருந்தது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று வந்தவர்கள் கேட்டார்கள். ரொம்ப நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசி வீட்டு அம்மாதான் சொன்னார். "மழைக்கு முந்தி மூணு மாசம் காட்டுல ஒண்ணும் கெடைக்காது. அந்த மூணு மாசம் கீழ போகாம இருக்கணும். அம்புட்டுதான். எனக்குத்தான் சொல்லுதேன். மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாது." கீழே போவது என்றால் பட்டாசுக்குப் போவது. ஆடி, ஆவணி, புரட்டாசி. தீபாவளி சீசன்.

தேன், நெல்லிக்காய், கடுக்காய் எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்து வைத்து நல்ல விலைக்கு விற்க ஒரு கொட்டகை, அந்த மூன்று மாதத்துக்கு வீட்டுக்கு வீடு அரிசி என்று அக்கா திட்டம் எழுதினார். வந்த அம்மா ஒரு விதி மட்டும் சொன்னார். வயது வந்த ஒவ்வொருவரும் தன் கையால் சம்மதம் வைக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் செல்லாது. ஏன் என்றும் சொன்னார். அவர் தாத்தா காலத்தில் யாரோ ஒருவன் எல்லோருக்கும் சேர்த்துத் தானே ரேகை வைத்துக் கொடுத்து, அவர்கள் நிலம் மொத்தமும் போனதாம். அக்கா இதைத் தமிழில் சொன்னபோது ஒருவரும் அசையவில்லை. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

நாற்பத்தொரு பேர். தாளில் நாற்பத்தொரு கட்டம். வைகாசிக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். இரண்டு நாளில் நாற்பது விரல் விழுந்துவிட்டது. பாக்கி ஒன்று, கடைசி வீட்டு அம்மாவின் வீட்டுக்காரர். தேன் எடுக்க மேலே போயிருந்தார். எந்தப் பாறைக்குப் போனாரு என்று அக்கா கேட்டார். தெரியாது என்றார் அந்த அம்மா. எப்ப வருவாரு? "அவரைத்தான் கேக்கணும்." நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. நான்கு நாள் தினமும் போய் நின்றோம். அவர் வரவில்லை.

நான்காம் நாள் சொன்னேன். "அக்கா, எம் பெருவிரல வச்சிருவோம். கடல் தாண்டி இருக்கவுகளுக்கு இது யாரு விரலுன்னு எப்படித் தெரியும்?" அக்கா முகம் கறுத்துவிட்டது. "அந்தம்மா அன்னைக்கு என்ன சொன்னாக? நீங்களும் பக்கத்துலதான இருந்தீக?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, கடைசி வீட்டு அம்மாவிடம் திரும்பினார். "உன் வீட்டுக்காரருக்காக நீ வைக்கிறியாம்மா?" அந்த அம்மா தன் விரலைப் பார்த்தார். "அது அவரு கை. எனக்கு என்ன தெரியும்?" என்றார். "கேட்டீகளா அண்ணாச்சி?" என்று அக்கா டப்பாவை மூடினார்.

மறுநாள்தான் கடைசி நாள். கம்பெனியில் ஆளை இறக்கிவிட்டு வந்து, அக்காவை விருதுநகர் பஸ்ஸுக்கு ஏற்றிவிட்டேன். கவரை என்னிடம் கொடுத்தார். "ஒரு கட்டம் பாக்கி. சிவகாசி கூரியர்ல நீங்களே ஒட்டிப் போட்டுருங்க." கவர் வாய் திறந்திருந்தது. அவர் போன பிறகு பார்த்தால் டேஷ்போர்டில் மை டப்பா. போன் வரும் என்று இருந்தேன். அன்றைக்கு வரவில்லை.

வெம்பக்கோட்டைக்கு ஒரு ட்ரிப் இருந்தது. அதை முடித்துவிட்டு அணைக்கரையில் வண்டியை ஓரங்கட்டினேன். நல்ல வெயில். தாளை எடுத்து மடியில் வைத்தேன். நாற்பது விரல். ஒன்று போல ஒன்று இல்லை. டப்பாவைத் திறந்து பெருவிரலை மையில் அழுத்தினேன். காலிக் கட்டத்துக்கு மேலே பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரட்டைச் சடை அம்மாவின் தாத்தா ஞாபகம் வந்தது. அது அவரு கை என்று சொன்ன முகம் ஞாபகம் வந்தது. விரலை பேண்டில் துடைத்தேன். கவரை ஒட்டி, சிவகாசி போய்ப் போட்டேன். அன்றைக்கு ஏதோ பெரிய நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு டீ குடித்தேன்.

தாள் முழுசாக இல்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஆனியில் பதில் வந்தது. ஆடி பிறந்தது. ஒரு நாள் காலையில் கடைசி வீட்டு அம்மா ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். கையில் தூக்குவாளி. "அண்ணாச்சி, வண்டில எடம் இருக்கா?" இருக்கு என்றேன். சீசன் நேரம். ஆள் கொண்டு வா, ஆள் கொண்டு வா என்று போர்மேன் நச்சரித்துக்கொண்டிருந்தார். இடம் இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அவர் அடுத்த வேனில் ஏறியிருப்பார். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மூன்றாம் வரிசை ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தார். வீடு திரும்பும்போது மலை தெரிகிற பக்கம் அது.

ஆவணியில் ஒரு நாள் மத்தியானம், பட்டாசுக் குழாயில் மருந்து செலுத்துகிற ஷெட்டில் வெடித்தது. நான் டீக்கடையில் இருந்தேன். சத்தம் கேட்டதும் தெரிந்துவிட்டது, எந்தப் பக்கம் என்று. காலையில் பதினெட்டுப் பேரை இறக்கினேன். சாயங்காலம் பதினேழு பேரை ஏற்றினேன். அந்த ஜன்னல் சீட்டில் யாரும் உட்காரவில்லை.

அவர்களை விட்டுவிட்டு சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா முன்னாலேயே வந்து வராந்தாவில் நின்றார். செருப்பு போட மறந்து வந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "அன்னைக்கு நீங்க வச்சிருக்கலாம் அண்ணாச்சி." உடனே, "இல்ல, இல்ல. நான் சொன்னதா நினைக்காதீக" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் மலைக்கு வரவில்லை. டிரஸ்ட்டை மதுரைக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு மண்டிக்குத் திரும்பிவிட்டார். டப்பாவைக் கொடுக்கலாம் என்று ஒரு தடவை போன் செய்தேன். "இருக்கட்டும், நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார். இன்னொரு தடவை செய்தேன், எடுக்கவில்லை. ஒட்டாத கவரையும் மை டப்பாவையும் சேர்த்து என்னிடம் விட்டுப் போனது மறதியா, இல்லை அவர் வாயால் சொல்ல முடியாததை என் கையில் விட்டுப் போனாரா? நான் கேட்டதில்லை. கேட்டால் இரண்டில் ஒரு பதில் வரும். இரண்டும் எனக்கு வேண்டாம். மறதி என்றால், ஒரு நல்ல மனுஷியை இத்தனை நாள் சந்தேகப்பட்டவன் ஆவேன். மறதி இல்லை என்றால், அந்தக் கரையில் நான் துடைத்தது மை மட்டும் இல்லை.

கடைசி வீட்டு அம்மாவின் வீட்டுக்காரரிடம் மட்டும் இதைச் சொன்னேன். அடுத்த வருடம் அவரும் என் வேனில் கம்பெனிக்கு வர ஆரம்பித்தார். மலையில் பாதி இடத்துக்கு ஃபாரஸ்ட்காரர்கள் இப்போது விடுவதில்லை. ஒரு நாள் மற்றவர்கள் இறங்கிய பிறகு அவர் மட்டும் முன் சீட்டில் இருந்தார். டப்பாவைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன்" என்றார். "கொட்டகை போட்டா எல்லாரும் ஒரே எடத்துல தேனக் கொண்டாந்து குடுக்கணும்ல? எனக்கு அது ஒத்து வராது." இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "அவ போனது அவ இஷ்டம்" என்றார். எனக்கு ஆறுதல் சொன்னாரா, அவருக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. நான் விரலை வைத்திருந்தால் அவர் சொல்லாத ஒரு சம்மதத்தைச் சொன்னவன் ஆகியிருப்பேன். அவர் மனைவி உயிரோடு இருந்திருப்பார். இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றை ஒன்று அடிக்கவில்லை. இரண்டும் அப்படியே இருக்கின்றன.

போன வாரம் மதுரை டிரஸ்ட் சார் வந்தார். பழைய அமைப்பே மறுபடியும் உதவுகிறதாம். அதே மூன்று மாதத்து அரிசி, அதே கொட்டகை, அதே விதி. இப்போது போனோடு ஒரு ரேகை மெஷின். மற்ற எல்லோருடைய விரலையும் எடுத்தது. அந்த வீட்டுக்காரரும் இந்தத் தடவை வைக்கிறேன் என்று வந்தார். ஏன் மனசு மாறினார் என்று யாரும் கேட்கவில்லை. மெஷின் அவர் விரலை எடுக்கவில்லை. ஐந்து வருடமாகக் காகிதக் குழாய் உருட்டுகிற விரல். பசையிலும் காகிதத்திலும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. தாளில் வைக்கலாம், ஆனால் மை இல்லையே என்றார் சார். நான் போய் டப்பாவை எடுத்து வந்தேன். "என்ன அண்ணே, மியூசியம் நடத்துறீங்களா?" என்று சிரித்தார். தண்ணீர் விட்டுத் துணியைப் பிசைந்தேன். ஊதா வந்தது. அவர் விரலை அழுத்தினார். கோடு ஒன்றுகூட விழவில்லை. வெறும் கறை.

"இது செல்லாதே. திருப்பி அனுப்பிருவாங்க" என்றார் சார். மலையைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார். "அண்ணே, வேற தாள்ல இவருக்குப் பதிலா உங்க விரலை வச்சு விடுங்க. இவங்க நல்லதுக்குத்தானே?" அவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தெரியும். ஆடி வருகிறது, அதுவும் தெரியும். வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாரிடம் சொன்னேன்.

"அது அவரு கை சார். எனக்கு என்ன தெரியும்?"

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து மறுபடியும் மையைத் தொட்டு, அதே கட்டத்தில் அதே இடத்தில் அழுத்தினார். கறை கொஞ்சம் பெரிதானது. சார் தாளை மடித்து வைத்துக்கொண்டார். என்னிடம் எண்ணெய் இல்லை. வண்டி துடைக்கிற துணியில் தண்ணீர் தொட்டு அவர் விரலைத் துடைத்துவிட்டேன்.

தாள் அந்தக் கறையோடு போயிருக்கிறது. பதில் வரவில்லை. ஆடிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. மூன்றாம் வரிசை ஜன்னல் சீட்டில் இப்போது அவர்தான் உட்காருகிறார். விரலைத் திரும்ப வைக்கச் சொல்லிக் கேட்டாலும் கேட்பார்கள். தினமும் காலையில் ஆள் ஏற்றுவதற்கு முன்னால் டப்பாவைத் திறந்து, துணி காயாமல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுகிறேன்.