தூக்குக்குண்டு மேஸ்திரி வைத்த சூப்பு

இந்த ஊரில் ஒரு சுவர் கோணாமல் நிற்கிறதென்றால், அது தூக்குக்குண்டு மேஸ்திரி கட்டியதாகத்தான் இருக்கும். நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சுவரின் நேரைப் பார்க்கும் குண்டு இருக்கிறதே, அதைக் கையால் தொடாமல் கண்ணாலேயே போட்டுப் பார்த்துவிடுவார். அதனால் வந்த பெயர். பள்ளிக்கூடத்துக்குள் அவர் கால் வைத்ததே அதற்கு மதில் கட்டப் போனபோதுதான். செங்கல் சுமக்க வந்தவர், சொந்த உழைப்பில் சொந்த வீடு கட்டினார். ஒருத்தரிடம் போய்ப் பல்லைக் காட்டியதில்லை. இதை அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். சொன்னால் என்ன? கட்டினவன்தானே சொல்ல முடியும்?

அந்த வீட்டின் கூடத்தைப் பார்த்து வாயைப் பிளக்காதவர் இல்லை. கல்யாணப் பந்தி போடலாம். கூடத்தை அப்படி இழுத்துக் கட்டியதில் அடுப்படிக்கு மிஞ்சியது பின்பக்கத்தில் ஒரு சந்து. நாலு பக்கமும் சுவர், ஒரே ஒரு வாசல். சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து, "இங்க ஒரு ஜன்னல் வைக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"அடுப்படிக்கு எதுக்குடி ஜன்னல்? போறவன் வர்றவனை வேடிக்கை பாத்துக்கிட்டே சமைக்கவா?" என்றார் மேஸ்திரி. சாரத்தின் மேல் நின்ற ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் மறுபடி கேட்கவில்லை.

இப்போது அவள் அடுப்படிக்குப் பக்கத்து அறையில் படுத்துக் கிடக்கிறாள். ஒரு காலையில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் தப்பித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மேஸ்திரி கடையில் வாங்கி வந்ததெல்லாம் வாய் வரை போய்த் திரும்பியது. சேதி கேட்டு வெளியூரிலிருந்து மகள் வந்தாள். வந்தவள் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்பாவின் மேல் பாய்ந்தாள்.

"எலும்பும் தோலுமா ஆயிட்டா. நாளைக்குக் காலைல வண்டி வருது. என்னோட கூட்டிட்டுப் போறேன்."

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டில் மனைவி இல்லாமல் அவர் ஒரு டம்ளர் வெந்நீர் வைத்ததில்லை. ஆனால் அதையா வெளியே காட்டுவார்?

"எங்கேயும் போக வேண்டாம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள என் கையால ஒரு கிண்ணம் சாப்பிட வைக்கிறேன். சாப்பிட்டா அவ இங்கதான். சரியா?"

"அம்மா என்ன சொல்றாளோ அதுதான்பா."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "எலும்புச் சூப்பு குடிக்கணும்போல இருக்கு. வாங்கிட்டு வந்து வைங்க."

"நான் வைக்கிறேம்மா," என்று மகள் எழுந்தாள்.

"நீ உக்காரு. அவரே வைக்கட்டும்."

மேஸ்திரிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பார்த்தாயா என்பதுபோல் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பன்றிக்கறிக் கடைக்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். "என்ன மேஸ்திரி, வழி தவறி வந்துட்டீங்களா? சிமெண்டுக் கடை அடுத்த தெரு."

"வாயைக் குறைச்சு எலும்பைப் போடு. சூப்புக்கு."

"எத்தனை பேருக்கு?"

அதெல்லாம் மேஸ்திரிக்கு எங்கே தெரியும்? "உங்க அக்கா எப்பவும் என்ன வாங்குவாளோ அதைப் போடு."

"அக்காவா? உங்களுக்குன்னு விலாப் பக்கம், சதையோட வெட்டச் சொல்லுவாங்க. தனக்கு ரெண்டு துண்டு கழுத்தெலும்பு. அதுல என்னக்கா இருக்குன்னு கேட்டா, கடிச்சுக்கிட்டு இருந்தா பொழுது போகும்டான்னு சிரிப்பாங்க."

"இன்னைக்கு எல்லாமே விலா," என்றார் மேஸ்திரி. தாராளமாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு.

காய்கறிக் கடையில் முள்ளங்கி, கேரட், சேப்பங்கிழங்கு, இஞ்சி, வெங்காயத்தாள் வாங்கினார். வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தளம் போட இறங்குகிற மாதிரி அடுப்படிக்குள் இறங்கினார்.

"எலும்பு முழுகத் தண்ணி ஊத்துங்க. ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, எலும்பைக் கழுவிப் புதுத்தண்ணி வைங்க," என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

கொட்டுவதா? தரையில் சிந்திய கலவையைக்கூட வழித்துப் பூசுகிற மனுஷன் அவர். சத்தெல்லாம் அதிலல்லவா இறங்கியிருக்கிறது? மேலே மிதந்த நுரையைக் கரண்டியால் ஒதுக்கினார். குழாயைத் திறந்து ஒரு சொம்புத் தண்ணீரைப் பிடித்துத் தொட்டியில் சளாரென்று ஊற்றினார்.

"கொட்டிட்டேன்!"

"கொட்டலை."

"அடியே, சத்தம் கேக்கல?"

"சத்தம் கேட்டுச்சு. வாடை போகலையே."

கூடத்தில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே பானையைக் கவிழ்த்தார். போன தண்ணீர் கலங்கல் சுண்ணாம்பாக இருந்தது.

எலும்பு இஞ்சித் துண்டுகளோடு மறுபடி அடுப்பேறியதும் காய் நறுக்க உட்கார்ந்தார். இதில்தான் அவருடைய கைவேலை தெரிந்தது. முள்ளங்கி, கேரட், கிழங்கு எல்லாம் ஒரே நீளம், ஒரே அகலம். சூளையிலிருந்து இறக்கிய செங்கல் தோற்றுவிடும். தட்டோடு தூக்கிவந்து மகளிடம் காட்டினார். "ரசமட்டம் வச்சுப் பாரு. ஒரு முடி பிசகாது."

"எல்லாம் ஒரே அளவாவா வெட்டினீங்க?" என்றது கட்டில்.

"பின்னே?"

"பெருமையைப் பாரு! காய் என்ன செங்கல்லா? சேப்பங்கிழங்கு கரைஞ்சு கூழாப் போயிடும். அதைப் பெருசா வெட்டணும். கேரட்டையும் முள்ளங்கியையும் இப்பப் போடுங்க. கிழங்கைக் கடைசில போடுங்க. கை அரிக்குதா?"

அரித்தது. சிமெண்டும் சுண்ணாம்பும் தின்று காய்த்துப்போன கை, ஒரு கிழங்குத் தோலுக்கு இப்படி அரிக்கும் என்று யார் கண்டது? "எனக்கா? ஒண்ணும் இல்ல," என்று முதுகுக்குப் பின்னால் சொறிந்துகொண்டார்.

"ஈரத்தோட உரிச்சிருப்பீங்க. அடுப்பைக் குறைங்க. தளபுளன்னு கொதிக்கிற சத்தம் இங்க வரைக்கும் வருது. ஓரத்துல ஒண்ணு ரெண்டு குமிழி வந்தாப் போதும்."

குறைத்தார். அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை, நிற்க வேண்டியதுதான். நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. பானையிலிருந்து எழுந்த ஆவிக்குப் போக இடமில்லை. கூரையில் முட்டி, சுவரில் வழிந்து, திரும்ப அவர் மேலேயே இறங்கியது. வேர்வை கண்ணில் விழுந்து எரிந்தது. மூச்சு முட்டியது. தன்னையறியாமல் எதிர்ச் சுவரைத் தடவினார், எதையோ திறந்துவிடப் போகிறவர் மாதிரி. கைக்கு அகப்பட்டது பூச்சுதான். கண்ணாடிபோல வழவழவென்று, ஒரு விரிசல்கூட இல்லாத பூச்சு. அவர் பூசியது.

எந்த மடையன் இப்படிக் கட்டினான் என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார்.

கிழங்கும் வெந்தது. அடுப்பை அணைத்து, உப்பும் சோயா சாஸும் விட்டு, வெங்காயத்தாள் தூவி, கிண்ணத்தில் எடுத்து வந்தார். மகள் அம்மாவைத் தூக்கிச் சாய்த்து உட்காரவைத்தாள். மேஸ்திரி கரண்டியால் ஊட்டினார். முதல் வாய் உள்ளே போனது. தொண்டை அசைந்தது. வாய் மறுபடி திறந்தது.

கிண்ணம் காலியானது. எலும்பில் ஒட்டிய விலாச் சதையையும் மகள் பிய்த்துக் கொடுக்க, மென்று விழுங்கினாள்.

"ருசி எப்படி?" என்றார் மேஸ்திரி.

"நல்லா இருக்கு. நான் வைக்கிற மாதிரியே இருக்கு."

அவ்வளவுதான், மேஸ்திரி தரையில் நிற்கவில்லை. "பாத்தியா?" என்று மகளிடம் திரும்பினார். "வீடே கட்டினவனுக்கு ஒரு சூப்பு என்ன பெரிய சூப்பு? ஒரே தடவைல பிடிச்சிட்டேன். இனிமே எனக்கு எவ தயவும் வேண்டாம். நானே வைப்பேன், நானே தின்பேன்!"

"இதைக் கேக்கத்தான் காத்துக்கிட்டிருந்தேன்," என்றாள் மனைவி.

அவருக்கு விளங்கவில்லை.

"நான் போயிட்டா நீங்க பட்டினியாக் கிடப்பீங்களேன்னுதான் தொண்டையில ஒண்ணும் இறங்கல. இப்ப ஒண்ணாவது கத்துக்கிட்டீங்க. காலைல நான் அவளோட போறேன்."

"சாப்பிட்டா இங்கேயே இருக்கிறதுன்னு பேச்சு!"

"அது நீங்க பேசினது. என்னை யாரு கேட்டா?"

மேஸ்திரி மகளைப் பார்த்தார். அவள் காலிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்டுல உனக்கு என்னடி குறை வச்சேன்?"

மனைவி அடுப்படி வாசலைப் பார்த்தாள். ஆவி இன்னும் அடங்காமல் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது.

"அவ வீட்டு அடுப்படில ஜன்னல் இருக்கு. பக்கத்துல ஒரு நாற்காலியைப் போட்டு உக்கார வைக்கிறேன்னு சொல்லியிருக்கா. போறவன் வர்றவனை வேடிக்கை பாத்துக்கிட்டு இருப்பேன்."

மேஸ்திரிக்குச் சாரமும் சிரிப்பும் நினைவுக்கு வந்தனவோ என்னவோ. "ஜன்னல்தானே? ப்பூ! காலைல உளியை எடுத்தேன்னா பொழுது சாயறதுக்குள்ள வச்சுக் காட்டுறேன்."

"யாருக்கு?" என்றாள் அவள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

காலையில் வண்டி வந்தது. அவளைத் தூக்கிப்போய் உட்காரவைத்தது மேஸ்திரிதான். அரை மூட்டை சிமெண்டு கனம்கூட இல்லை.

மிச்சச் சூப்பு தீர்ந்த பிறகு கறிக்கடைக்குப் போனார்.

"அக்கா எழுந்துட்டாங்களா, மேஸ்திரி?"

"நான்தான் மக வீட்டுக்கு அனுப்பி வச்சிருக்கேன். காத்தாட இருந்துட்டு வரட்டும்னு. நானே சமைச்சுக்கிறேன். என் கைச் சூப்பைக் குடிச்சேன்னா நீ கடையை மூடிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நிப்பே."

"அப்படிப் போடுங்க!" என்று அவன் விலாப் பக்கத்தை இழுத்துக் கத்தியை ஓங்கினான்.

"அது வேண்டாம்," என்றார் மேஸ்திரி. "கழுத்தெலும்பு ரெண்டு துண்டு போடு."